நாலு அரைப் பேர்

பிறக்கும்போது யாரும் கொண்டுவராதது, வந்த பிறகு யாரும் இறக்கி வைக்காதது, பாதியாக வெட்டினால் அன்றைக்கு அடுப்பையும் பாதியாக எரியவிடுவது: அது என்ன?

சமவெளிப் பிள்ளைகளிடம் இதைப் போட்டால் முதல் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு மூன்றாவதில் மாட்டிக்கொள்வார்கள். ஈரப்பாறை எஸ்டேட்டில் பால்பல் விழாத பிள்ளைகூட யோசிக்காமல் சொல்லிவிடும்: பேர். அந்த மலையில் பேர் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, எல்லா ஊரிலும் இருப்பதுபோல ஆளைக் கூப்பிடுகிற பேர். இன்னொன்று, ஒரு நாள் வேலை. காலை ஆறரை மணிக்கு, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுத்து, மாலைவரை தேயிலைக் கொழுந்து கிள்ளி, நிறுவையில் எடை சரியாக வந்தால், கணக்கப்பிள்ளை ‘செக்ரோல்’ என்கிற நீளப் புத்தகத்தில் அந்த ஆளுக்கு எதிரே ஒரு பேர் போடுவார். எடை குறைந்தால் அரைப் பேர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்த சனங்கள் தகரப்பெட்டிகளோடு கொண்டுவந்து அந்த மலையில் இறக்கிய சொல் அது. பெட்டிகள் துருப்பிடித்துப் போயின, சொல் அப்படியே இருக்கிறது.

கணக்கப்பிள்ளை பிலவேந்திரன் இருபத்தாறு வருஷமாகச் செக்ரோல் எழுதுகிறவர், அதில் ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது, மழை பெய்யும்போது குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் புத்தகத்துக்குப் பிடிக்கிற மனுஷர். அவரிடம் மூன்று சட்டங்கள் இருந்தன. பேர் சொல்லாத ஆளுக்குப் பேர் இல்லை. ஒரே பேரை இரண்டு ஆளுக்குப் போடக்கூடாது. ஏற்கனவே ஒரு தங்கப்பொண்ணு இருக்க, இன்னொரு தங்கப்பொண்ணு வேலைக்கு வந்தபோது அவளைச் ‘சின்னத் தங்கப்பொண்ணு’ என்று எழுதினார், அவள் முதல் தங்கப்பொண்ணைவிட அரையடி உயரம், ஆறு வயது மூப்பு, இருந்தும் அன்றிலிருந்து அவள் சின்னத் தங்கப்பொண்ணுதான். மூன்றாவது சட்டம், அரைப் பேரும் அரைப் பேரும் சேர்ந்து முழுப் பேர் ஆகாது. நேற்றைய அரையையும் இன்றைய அரையையும் ஒட்டவைத்துத் தரச்சொல்லிக் கேட்டவர்களிடம் அவர் சொல்வார், அரைச் சட்டையும் அரைச் சட்டையும் தைத்தால் அது சட்டை இல்லை, ஒட்டு என்று.

ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், பெரட்டுக்களத்தில், பொன்னுக்கிளிக்கும் சின்னத் தங்கப்பொண்ணுக்கும் நடுவில் அது வந்து நின்றது. உச்சந்தலையிலிருந்து கால்விரல் வரை முடி, நனைந்த தேயிலைத்தூள் நிறத்தில், ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு பனித்துளி. முகத்தில் மட்டும் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் இருக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தது. மற்ற பெண்களைப்போல இடுப்பில் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தது, முடிச்சுகூட இடது பக்கம், சரியாக. பொன்னுக்கிளி ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஈரம் தன் மேல் சொட்டுகிறது, கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள் என்றாள். அதுதான் அன்றைக்கு எழுந்த ஒரே புகார்.

பிலவேந்திரன் வரிசையோடு வந்து அதன் முன் நின்றார்.

“பேரு?”

அது அவரைப் பார்த்தது. அவர் இரண்டாம் தடவை கேட்டார், மூன்றாம் தடவை கேட்டார், பின்னால் நிற்கிறவர்களுக்கு நேரமாகிறது என்பதால் ஒரு வரியைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார். அந்த ஒரு வெற்று வரி அன்று முழுக்க அவருக்குப் பல்லில் சிக்கிய நார்போல இருந்தது.

அது நன்றாகக் கொழுந்து கிள்ளியது. இரண்டு இலையும் ஒரு மொட்டும், அதற்கு மேல் ஒரு காம்பு இல்லை, அட்டைப்பூச்சிகள் அதன் காலில் ஏறி வழி தெரியாமல் திரும்பி இறங்கின. சாயங்காலம் அதன் எடையும் சரியாக இருந்தது, ஆனால் எழுத ஒரு பேர் இல்லாததால் பேர் விழவில்லை. வரிசை வீடுகளான லயத்துச் சனம் அதைப் பட்டினி போடவில்லை. ஆளுக்கு ஒரு ரொட்டித் துண்டும் ஒரு விரல் தேங்காய்ச் சம்பலும் எடுத்துவைத்தார்கள், கடைசி லயத்தில் கூரை ஒழுகுகிற வீடு காலியாகக் கிடந்தது, அதைத் திறந்துவிட்டார்கள், கூரை ஒழுகுவது அதற்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை.

பிலவேந்திரனுக்குச் செலின் என்று ஒரு மகள், பத்து வயது. அவளுக்குக் கைகளிலும் கணுக்காலிலும் மேலுதட்டிலும் முடி கொஞ்சம் அதிகம். அவள் அம்மா வெள்ளிதோறும் கஸ்தூரிமஞ்சளும் பயத்தமாவும் குழைத்துப் பூசித் தேய்த்தாள், தோல் சிவந்ததே தவிர முடி போகவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘கரடி’ என்று பேர். முதலில் ஒருவன் சொன்னான், பிறகு வகுப்பே சொன்னது, கடைசியில் ஒரு மதியம் சத்துணவு போடுகிற அம்மாவே, கோபம் எதுவும் இல்லாமல், கரடிக்கு இன்னொரு கரண்டி வை என்று உதவியாளிடம் சொன்னாள். செலின் வீட்டில் வந்து இதைச் சொல்லவில்லை. முழுக்கைச் சட்டை மட்டும் கேட்டாள்.

அது வந்த இரண்டாவது நாளிலிருந்து செலினோடு பஸ் நிற்கிற இடம்வரை நடந்தது. காட்டுமாடுகள் மேய்கிற சரிவைத் தாண்டி ஒரு மைல், காலை ஆறு மணிக்கு அவளைக் கொண்டுவிட்டு ஆறரைக்குப் பெரட்டுக்கு வந்துவிடும், யாரும் அதை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பஸ்ஸில் இருந்த பிள்ளைகள் ஜன்னலோரமாகக் குவிந்து பார்த்தார்கள். இவ்வளவு முடியை ஒரே இடத்தில் பார்த்த பிறகு செலினின் கையில் இருந்த முடி அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. மூன்று வாரம் யாரும் அவளைக் கரடி என்று கூப்பிடவில்லை. மூன்றாவது வாரம் அவள் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போனாள், அதைப் பிலவேந்திரன் பார்த்தார்.

அதற்குள் பேர்கள் வர ஆரம்பித்திருந்தன. முதலில் கொடுத்தவள் பொன்னுக்கிளி. அவள் இலங்கையில் பிறந்து பதினோரு வயதில் கப்பலேறியவள். அந்தத் தீவின் கிழக்குக் காட்டில் நிட்டேவோ என்று ஒரு குட்டைச் சாதி இருந்ததாகவும், மூன்றடிதான் உயரம், செம்பட்டை முடி, விரலைவிட நீளமான நகம் என்றும் சின்ன வயதில் கேட்டிருந்தாள். மலைச்சரிவில் நின்று, கை நீட்டி, “ஏய் நிட்டேவோ, இங்க வா” என்று கூப்பிட்டாள். அது அவளிடம் நடந்து வருகிற பத்து எட்டுக்குள் மூன்றடியாகக் குறைந்தது, முடி சிவந்தது, நகம் நீண்டது, வந்து நின்று ஒரு தடவை இருமியது. அவ்வளவு நீள நகம் இருந்தால் செடிக்கு அடியில் புல் பிடுங்க வசதிதான் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

டிராக்டர் ஓட்டுகிற சிங்காரவேலு பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து சிக்கிம் பனியில் நாலு வருஷம் கழித்தவர். அவர் அதைப் பார்த்ததும், இது யெட்டி, இதன் காலடியை நான் பனியில் என் பூட்ஸால் அளந்திருக்கிறேன், மூன்று பூட்ஸ் நீளம் என்றார். எட்டியா, எட்டி நில் என்று சொல்லத்தான் அந்தப் பேர் வைத்தார்களா என்று சின்னத் தங்கப்பொண்ணு கேட்டாள். ஆனால் ஹவில்தார் கூப்பிட்டதும் அது வெளுத்து, அடர்ந்து, கதவகலத்துக்கு விரிந்தது. குளிர்காற்று அடிக்கிற மேல்மலையில் அதை முன்னால் நிறுத்திக்கொண்டு பெண்கள் அதன் மறைவில் கொழுந்து கிள்ளினார்கள். மேகாலயத்திலிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்திருந்த பில்சி மாரக், தன் கதவிடுக்கில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, தமிழும் கையுமாகச் சொன்னாள்: மாந்தே என்றால் மனுஷன், புருங் என்றால் காடு, இவன் மாந்தே புருங், எங்கள் காரோ மலையில் வாழைத்தண்டு தின்பான், யாரையும் தொடமாட்டான். அவள் கூப்பிட்டால் அது கறுத்து ஒன்பதடிக்கு உயர்ந்தது, தேயிலை மூட்டையைக் கைக்கு இரண்டாக லாரியில் வைத்தது. பஜார் பேக்கரியில் பன் சுடுகிற நேபாளி லோக்பகதூர் சொன்னது வேறு. பன்ஜாக்ரி, குட்டை, பொன்முடி, பாதம் பின்பக்கம் பார்த்து இருக்கும், கையில் மேளம், பிள்ளைகளைக் காட்டுக்குத் தூக்கிப்போய் மந்திரமும் மருந்தும் சொல்லிக்கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவான், ஆனால் அவன் பெண்சாதி பொல்லாதவள், அரிவாளோடு திரிவாள். இதைக் கேட்ட தாய்மார்கள் முதலில் விசாரித்தது அந்தப் பெண்சாதியும் கூட வந்திருக்கிறாளா என்பதைத்தான். வரவில்லை என்று தெரிந்ததும், அன்று மாலை அதை பன்ஜாக்ரி என்று கூப்பிட்டு, சர்ச் மேளத்தை அதன் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாக அடித்தது. காணாமல் போன ஆடு ஒன்றைத் தேடி அதை அனுப்பியபோது ஆட்டைக் கொண்டுவந்துவிட்டது, ஆனால் பின்னால் போன ஆட்கள் அதன் கால்தடத்தைப் பார்த்து நடந்து எதிர்த் திசையில் மூன்று மைல் போய்விட்டார்கள்.

இப்படியாக எஸ்டேட் அதைப் பழகிக்கொண்டது. மூட்டைக்கு ஒரு பேர், களைக்கு ஒரு பேர், காற்றுக்கு ஒரு பேர், மேளத்துக்கு ஒரு பேர். ஒரே நாளில் பத்துத் தடவை குறைந்து பத்துத் தடவை வளர்ந்து, சில சமயம் இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்து கூப்பிட்டால், இடுப்புக்கு மேல் வெளுத்தும் கீழே சிவந்தும், எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் பாதையின் நடுவில் நின்றது.

எது சரியான பேர் என்ற வாதம் மட்டும் தீரவில்லை. பிலவேந்திரன் கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் இருந்த கரும்பலகையில் கோடு கிழித்து, நாலு பேரையும் மேலே எழுதி, பக்கத்தில் உயரம், முடி, பாதம், சாப்பாடு, மனுஷரைக் கண்டால் செய்வது என்று ஒவ்வொன்றாக நிரப்பினார். ஒப்பிட்டுப் பார்க்கப் பார்க்க அவருக்கு உற்சாகமாக இருந்தது. ஒன்று தடத்தைத் திருப்பிவைத்து ஏமாற்றுகிறது, ஒன்று தடத்தை மட்டுமே விட்டுவைக்கிறது. ஒன்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறது, ஒன்று பிள்ளைகள் இருக்கிற திசைக்கே வருவதில்லை. கடைசி வரியாக, ‘முடிவில் என்ன ஆனது’ என்று எழுதினார். ஹவில்தாரும் பில்சியும் லோக்பகதூரும் உதட்டைப் பிதுக்கினார்கள், இன்னும் இருக்கிறது, யார் கண்டது என்றார்கள். பொன்னுக்கிளிக்கு மட்டும் முடிவு தெரிந்திருந்தது. வேடர்கள் கடைசி நிட்டேவோக்களை ஒரு குகைக்குள் விரட்டி, குகைவாயிலில் சருகைக் குவித்து மூன்று நாள் புகை போட்டார்கள், நாலாவது நாள் உள்ளே சத்தம் இல்லை. செலின் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“அதனாலதான் அந்தப் பேரு சொன்னா இருமுதுப்பா,” என்றாள்.

பிலவேந்திரன் சாக்கட்டியைக் கீழே வைத்தார். பொன்னுக்கிளி தன் கையைப் பார்த்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த பேர் அது ஒன்றுதான், நான் என்ன செய்ய என்றாள்.

நாலாவது வாரம் துரை செக்ரோலைப் புரட்டினார். துரை என்றால் எஸ்டேட்டின் மேலாளர். ஆள் மாறினாலும் அந்தப் பேர் மாறுவதில்லை. ஆளும் எடையும் இருந்தும் பேர் இல்லாத ஒரு வரி மூன்று வாரமாகக் காலியாக இருப்பதைப் பார்த்து, வர்ற சனிக்கிழமைக்குள் இந்த ஆளுக்கு ஒரு பேர் விழ வேண்டும், இல்லாவிட்டால் லயத்தில் வைத்திருக்க முடியாது, வனத்துறைக்கு எழுதிக் கூண்டு கொண்டுவரச் சொல்வேன் என்றார். பிலவேந்திரன் அன்று மாலை உட்கார்ந்து, யாருடைய சொல்லையும் தள்ள மனமில்லாமல், வாழ்க்கையில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். நாலு பேரையும் நாலு வரியில் எழுதினார். எந்தப் பேரிலும் அது முழுநாள் வேலை செய்யவில்லை. ஆகவே சட்டப்படி நாலு வரிக்கும் எதிரே அரைப் பேர் போட்டார். கையெழுத்து முத்துப்போல இருந்தது.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, அது பாதிதான் தெரிந்தது. பனி என்று நினைத்தார்கள், பனி விலகிய பிறகும் அதன் முதுகு வழியாகத் தேயிலைச் செடிகள் தெரிந்தன. அன்றும் நாலு அரைப் பேர் விழுந்தது. புதன்கிழமை அதில் பாதி. ரொட்டியை அதன் கையில் வைத்தால் ரொட்டி காற்றில் நிற்பதுபோல் இருந்தது. பெண்கள் அது மிதிபடாமல் இருக்க அதன் இடுப்புச் சாக்கில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டினார்கள், பில்சி தன் ரொட்டியையும் அதற்கே வைத்தாள். பிலவேந்திரனுக்கு எங்கே பிழை என்று தெரிந்தது. நாலு அரை சேர்ந்தால் இரண்டு முழுசு என்று பள்ளிக்கூடத்துக் கணக்கு சொல்லும், அவருடைய மூன்றாவது சட்டம் அப்படிச் சொல்லாது, அந்த மலையில் நடப்பது அவருடைய சட்டம். ஒட்டு ஒட்டாகப் போட்ட சட்டை நூல் நூலாகப் பிரிந்துகொண்டிருந்தது. சனிக்கிழமைக்குள் ஒரே ஒரு பேரை, முழுப் பேராக எழுதாவிட்டால் கூண்டில் வைக்கக்கூட ஒன்றும் மிச்சம் இருக்காது. எழுதினாலோ, எந்தப் பேரை எழுதுகிறாரோ அந்தப் பேருக்குரிய உருவாகவே அது என்றைக்கும் நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை காலை, செலினை பஸ்ஸுக்குக் கொண்டுவிடப் பிலவேந்திரனும் போனார், அதைத் தனியாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. சரிவுக்குக் கீழே கொய்யாமரத்தடியில் ஒரு கரடி. அந்தப் பக்கத்தில் கரடி புதிதில்லை, பழக்காலத்தில் வரும், தகரத்தைத் தட்டினால் போகும். அந்தக் கரடி பின்னங்காலில் எழுந்து நின்று, கிளையை வளைத்து, பழத்தைத் தின்றுகொண்டிருந்தது. கறுத்த முடி, நெஞ்சில் வெள்ளைக் கோடு, அதன் வழியாக எதுவும் தெரியவில்லை, விடிவெளிச்சம் அதன்மேல் பட்டு நின்றது. சிவப்பு ரிப்பன் செலினின் பக்கத்தில் அசையாமல் இருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு பனித்துளிகள் மட்டும் கரடியையே பார்த்தன. பஸ்ஸின் ஹாரன் கேட்கும்வரை மூன்று பேரும் நின்றார்கள்.

“அதுக்குப் பேரு வேணாமாப்பா?”

“கரடிக்கு எதுக்குத் தனியாப் பேரு? யார் கூப்பிட்டாலும் கரடி கரடிதான். கூப்பிடாட்டியும் கரடிதான். அத யாரு மூட்டை தூக்க வச்சாங்க, எந்தச் செக்ரோல்ல எழுதினாங்க. பழம் தின்னுட்டுக் காட்டுக்குப் போயிரும்.”

“நம்மகூட பஸ்ஸுக்கு வருமா?”

“கரடி எப்பிடிம்மா வரும்?”

செலின் பஸ்ஸில் ஏறினாள். கூட நடந்து வந்த அது இப்போது பஸ்ஸில் இருந்தவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, ஒரு ரிப்பன் காற்றில் தொங்குவதுதான் தெரிந்தது. பின் சீட்டிலிருந்து ஒரு பையன், கரடி இன்னைக்குத் தனியா வந்திருக்கு என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் தன் கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொள்ளவில்லை என்பதைப் பிலவேந்திரன் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அவள் எதையோ கணக்குப் போடுகிற முகத்தோடு இருந்தாள், அந்த முகம் அவருடையது.

சனிக்கிழமை பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடினார்கள். ஹவில்தார் யெட்டியை விடவில்லை, லோக்பகதூர் பேக்கரியைப் பூட்டிவிட்டு வந்திருந்தார், பில்சி யாரோடும் வாதாடாமல் வாழைத்தண்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். பொன்னுக்கிளி தான் வைத்த பேரை எழுதவே வேண்டாம் என்றாள். அது நியாயமில்லை, நாலும் இருக்கட்டும் என்று மற்ற மூவரும் சொன்னார்கள். வழக்கமாக இப்படி முடிவு வராதபோது கோயிலிலும் சரி, சர்ச்சிலும் சரி, திருவுளச்சீட்டுப் போடுவார்கள். பேர்களைச் சீட்டில் எழுதிச் சுருட்டிப்போட்டு ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள், எதை எடுக்கிறதோ அதற்கு மேல் அப்பீல் இல்லை. பிலவேந்திரன் நாலு சீட்டையும் ஒரே அளவில் கிழித்து, ஒரே மாதிரிச் சுருட்டி, பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினார். பிள்ளை என்று வந்தபோது எல்லோரும் செலினைப் பார்த்தார்கள். சிவப்பு ரிப்பன் அவள் தோளுக்குப் பக்கத்தில், இப்போது முழங்கால் உயரத்தில், நடுங்கிக்கொண்டிருந்தது.

“எடும்மா,” என்றார் ஹவில்தார். “கண்ண மூடிக்க.”

அவள் கண்ணை மூடவில்லை. அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

“ஒரே பேர ரெண்டு ஆளுக்குப் போடக்கூடாதுல்லப்பா?”

“கூடாது.”

“ஒருத்தருக்கு எழுதிட்டா இன்னொருத்தர அப்பிடிக் கூப்பிட முடியாதுல்ல?”

“இந்த மலையில முடியாது,” என்றார் பிலவேந்திரன், எப்போதும் சொல்கிற உறுதியோடு. சொல்லி முடித்த பிறகுதான், பஸ்ஸில் அந்தப் பையன் கூப்பிட்டதும் கொய்யாமரத்தடிக் கரடியும் சேர்ந்து அவருக்குப் புரிந்தது. அவர் டின்னைக் கீழே வைத்தார். செக்ரோலைத் திறந்து, நாலு வரிகளின் மேலும் ஒரு கோடு இழுத்தார், இருபத்தாறு வருஷத்தில் முதல் அடித்தல். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

செலின் சீட்டு எதையும் எடுக்கவில்லை. அடுத்த காலி வரியில் ‘கரடி’ என்று எழுதினாள். அதற்கு எதிரே முழுப் பேர் போட்டாள்.